பத்து மதிப்பெண் வினா

"பாத்திர வகைகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக."
அஞ்சல்வழி முதுகலை, இரண்டாம் ஆண்டு,
ஒப்படைப்பு மூன்று. வியாழனுக்குள் அனுப்ப வேண்டும்.
ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு
பாத்திரம் கழுவுகிறவனிடம்
இப்படியா கேட்பது?

வாதி கபீரில் எங்கள் சமையற்கூடம்.
மூன்று கம்பெனி கேம்ப்புகளுக்கு இங்கிருந்துதான் சோறு.
இரவு பதினொன்றுக்கு வேன் திரும்பும்.
காலி அண்டாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருவது
ரூவி ரவுண்டானாவிலேயே எனக்குக் கேட்டுவிடும்.
(கேட்காது. எழுதும்போது கேட்கிறது.)

தட்டையான பாத்திரத்தை
ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம் என்கிறது பாடநூல்.
முடித்துவிடலாம்தான்.
கேஷியர் ரஹ்மத்துல்லா:
எதற்கும் "சில்லறை இருக்கா?" என்பவர்.
தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது என்றேன்,
பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்
அதே கேள்வி.

முழுமையான பாத்திரத்துக்கு ஆழம் உண்டாம்.
'அண்டா' என்று எழுதி அடித்தேன்.
ஆனால் பொய்யில்லை,
தோள்வரை உள்ளே போனால்தான்
அடிப்பிடித்த இடம் கைக்கு அகப்படும்.
வெளியிலிருந்து பார்ப்பவருக்கு
எல்லா அண்டாவும் வெள்ளிதான்.

எதிர்நிலைப் பாத்திரத்துக்கு
சூப்பர்வைசர் செல்லப்பாண்டியன்.
தட்டில் கீறல் விழுந்தால் இருநூறு பைசா பிடிக்கிறவர்,
கீறலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு.
அவருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.
பேனா நிற்கவில்லை.
வில்லன் இல்லாமல் கதை நகராது
என்று நூலிலும் இருக்கிறது.

துணைப் பாத்திரங்கள்
ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிட்டுப் போவார்கள்,
பெயர் வைக்க வேண்டியதில்லை.
வேன்காரர் பலூச்சி.
நான்கு வருஷமாக அவர் கதவைத் திறக்கிறார்,
நான் அண்டா இறக்குகிறேன்.
எழுதிவிட்டு, பெயருக்கு இடம் விட்டேன்.
பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

தலைமைப் பாத்திரம் யாரென்று எழுதவேயில்லை.
எழுத என்ன இருக்கிறது.
கதை யார் கண்ணில் நடக்கிறதோ அவன்தானே.

இரண்டு மணி இருக்கும்.
மேல்கட்டிலில் நான், மடியில் தலையணை, அதன்மேல் தாள்.
கீழ்க்கட்டிலில் ஞானதிரவியம்
போர்வைக்குள் போனோடு.
"இல்ல, இன்னும் தூங்கல. எங்க தூங்க?
மேல ஒருத்தன் இருக்கான்ல,
லைட்ட அணைக்காதவன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கும் கேட்டது.
யார் என்று அவள் கேட்கவில்லை.
அப்படியென்றால் ஏற்கெனவே தெரியும்.
நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டில்
ரொம்ப நாளாக நான் வந்துபோய்க்கொண்டிருக்கிறேன்,
முகமில்லாமல், தங்கையில்லாமல்,
முதுகலை இல்லாமல்,
கையில் ஒரே ஒரு சுவிட்சோடு.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள்.
ஞானதிரவியம் எனக்கு இட்டது ஒரு வரி.
கஞ்சத்தனம் என்று சொல்ல வாய் வரவில்லை.
கேஷியருக்கு நான் இட்டதும் அதே அளவு,
அதிலும் அவர் சொந்த வாக்கியம்.
செல்லப்பாண்டியனின் ஒன்றரைப் பக்கத்தை
மறுபடி வாசித்தேன்.
பக்கம்தான் நீளம்.
நகம் ஒன்றுதான் இருந்தது அதில்.

ஒரு வகை பாக்கி இருந்தது: மாறும் பாத்திரம்.
கதையின் தொடக்கத்தில் ஒருவராக இருந்து
முடிவில் வேறொருவர் ஆகிறவர்.
எடுத்துக்காட்டு எதுவும் தோன்றவில்லை.
தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்,
எட்டி, சுவிட்சை அணைத்தேன்.

இருட்டு.
ஏசியின் சத்தம் பெரிதானது.
இப்போது நான் மாறிவிட்டேனா,
ஒரு இரவு போதுமா,
விடைத்தாள் திருத்துகிறவர்
எத்தனை இரவுக்குச் சான்று கேட்பார்
என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே

கீழ்க்கட்டில் கிறீச்சிட்டது.
போனில் அவளிடம் சொல்கிறான்:
"ஒரு நிமிஷம் இரு.
பல்பு போயிடுச்சு போல."